கோணி சுற்றிய மாமரம்

எங்கள் வீட்டு மாமரத்தை மிரட்டச் சொன்னது என் மனைவி ரெங்கம்மாள்தான். பழியைப் பங்கு போடுவதற்காக இதை முதலில் சொல்லவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது என் பழக்கம். முப்பத்து நாலு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். பெயர் நல்லக்கண்ணு. மகள் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதச் சொன்னபோதுகூட ‘மேற்படி மணமகன்’ என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இடம், தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசை. மனை ஆறு சென்ட். அதில் பாதி வீடு, பாதி ரெங்கம்மாளின் தோட்டம். வேம்பு, முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, வாசல் கம்பியில் ஏறிய பிச்சிக்கொடி, மேற்குச் சுவரை ஒட்டி மாமரம். வெளியூர்க்காரர்கள் ஆனி, ஆடியில் வந்து குற்றாலச் சாரலில் நனைந்துவிட்டு, “உங்களுக்கு வருஷம் பூரா ஜில்லுன்னு இருக்கும்லா” என்று பொறாமைப்படுவார்கள். மாசி, பங்குனியில் வந்து பார்த்தால் தெரியும். அருவி நூலாக இறங்கும். செடிகொடி எல்லாம் போர்வெல் தண்ணீரையும் ரெங்கம்மாளையும் நம்பித்தான் உயிரோடிருக்கும்.

மாமரத்துக்கு வயது ஒன்பது. வீடு பால்காய்ச்சிய அன்று பக்கத்து வீட்டு ஒலி முகம்மது ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்தார். குற்றாலம் ரோட்டில் நர்சரி வைத்திருப்பவர். அதில் ஒரு பழத்தைத் தின்ற ரெங்கம்மாள் கொட்டையைக் கழுவி, சாம்பல் தடவி, மேற்குச் சுவரோரம் ஊன்றிவிட்டாள். ஒலி முகம்மது சிரித்தார்.

“மதினி, கொட்டையில இருந்து வருதது தாய் மாதிரியே இருக்கும்னு சொல்ல முடியாது. புளிக்கும். நாராப் போகும். நல்ல ஒட்டுக்கன்னு நான் தாரேன்.”

“தாயவிட நல்லாவும் இருக்கலாம்லா?”

“இருக்கலாம்.”

“அப்ப இருக்கட்டும். என்ன பழம்னு அதுவே சொல்லட்டும்.”

ஒன்பது வருஷமாக அது ஒன்றும் சொல்லவில்லை. மாடி உயரத்துக்கு வளர்ந்தது, நிழல் கொடுத்தது, கூட்டம் கூட்டமாக முசுறு எறும்புக்கு இடம் கொடுத்தது. ஒரு பூ கிடையாது. ரெங்கம்மாள் வருஷா வருஷம் தை மாதத்தில் கிளை நுனியை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்ப்பாள். ‘இந்த வருஷமும் இல்லை’ என்று அவள் வாயால் சொல்ல மாட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடியிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பழம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஆசை எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருந்தது. சந்தையில் கிடைக்காத மாம்பழமா.

போன தையில்தான், “ஒருக்கா மிரட்டிப் பாத்துருவமா” என்றாள்.

காய்க்காத மரத்தை மிரட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருத்தர் அரிவாளோடு போய், “இத்தனை வருஷம் தண்ணி ஊத்துனதுக்கு ஒரு காய் உண்டா, உன்ன இன்னைக்கு வெட்டிப் போடுதேன்” என்று ஓங்க வேண்டும். இன்னொருத்தர் ஓடிவந்து கையைப் பிடித்து, “வேண்டாம், விட்டுருங்க, வர்ற வருஷம் காய்ச்சிரும்” என்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். மரம் இதைக் கேட்டுப் பயந்து காய்க்குமாம். காய்த்ததாகச் சொல்கிறவர்கள் உண்டு. காய்க்கவில்லை என்றால் யாரும் சொல்வதில்லை.

தை இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. நான் அரிவாளை எடுத்துக்கொண்டு மரத்தின் முன்னால் நின்றேன். மிரட்டுவது எனக்குப் புதுத் தொழில் இல்லையே. ஸ்டேஷன் குரலை எடுத்தேன். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் அது துருப்பிடிக்காமல் இருந்தது. தெருவில் பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். ரெங்கம்மாளும் சும்மா சொல்லக்கூடாது, ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “வெட்டாதீங்க. பச்ச மரம். அடுத்த வருஷம் கண்டிப்பா காய்ச்சிரும். என்னைய நம்பி விடுங்க” என்றாள். குரல் நிஜமாகவே தழுதழுத்தது. அது நடிப்பில்லை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுப்பில் பால் இருந்ததால் அவள் உள்ளே ஓடினாள். சடங்கு முடிந்தது. நானும் உள்ளே போயிருக்க வேண்டும்.

போகவில்லை. இங்கேதான் என் புத்தி. ஒரு அதட்டலுக்கு எவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான்? ஸ்டேஷனிலும் இப்படித்தான். ஒருத்தர் அதட்டுவார், இன்னொருத்தர் ‘பாவம் சார்’ என்பார், பிடிபட்ட ஆளுக்கு டீ வரும். அந்த இரண்டாவது ஆள் வெளியே போன பிறகுதான் வேலையே. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாங்கள். லேசாக நாலு போட்டால்தான் மரத்துக்கும் உறைக்கும் என்று நினைத்தேன்.

லேசாகத்தான் ஆரம்பித்தேன். புதுசாகச் சாணை பிடித்த அரிவாள். முழங்கால் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி ஒரு வரிசை வெட்டு. அதற்கு நாலு விரல் கீழே இன்னொரு வரிசை. நடுவிலிருந்த பட்டை பெயர்ந்து துண்டு துண்டாகக் கையோடு வந்தது. ஒன்றிரண்டு வெட்டு கட்டைக்குள்ளேயே இறங்கிவிட்டது. சுவர்ப்பக்கம் அரிவாளை ஓங்க இடம் இல்லாததால் அங்கே மட்டும் ஒரு சாண் அகலம் தப்பியது. நிமிர்ந்து பார்த்தபோது மரம் இடுப்பு வேட்டி அவிழ்ந்த ஆளைப் போல வெள்ளையாக நின்றது. ஈரம் கசிந்தது.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். அவசரமாகச் செம்மண்ணைக் குழைத்து அப்பினேன். ஒரு பழைய கோணியைக் கிழித்து மேலே சுற்றி, கயிறு போட்டுக் கட்டினேன். பெயர்ந்த பட்டையை எல்லாம் சாக்கடையில் போட்டேன்.

“அதென்ன கட்டு?” என்றாள் ரெங்கம்மாள், காப்பியோடு வந்து.

“கரையான் ஏறுது. மருந்து வச்சிருக்கேன். அவுக்காத.”

“கரையானா, நான் பாக்கலையே” என்றாள். அவ்வளவுதான். நம்பிவிட்டாள். முப்பத்து ரெண்டு வருஷக் குடித்தனத்தில் அவளிடம் பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியாது. அதிகம் சொன்னதில்லை.

அன்றிலிருந்து தினம் காலையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுத் தோட்டத்தில் உட்கார ஆரம்பித்தேன். முழங்கால் தேய்மானம், இளவெயில் நல்லது என்று காரணம் சொன்னேன். உண்மையில் காவல்தான் இருந்தேன். மரம் என்ன ஆகிறது என்று பார்க்க, கோணியை அவள் அவிழ்க்காமல் பார்த்துக்கொள்ள.

அப்படி உட்கார்ந்ததில்தான் தோட்டம் என்பது வாரத்துக்கு வாரம் வேறு தோட்டம் என்று முதல்முறையாகத் தெரிந்தது. மாசி முதல் வாரம் வேம்பு மொத்த இலையையும் கொட்டியது. காலையில் பெருக்கினால் மத்தியானம் மறுபடி ஒரு சாக்கு. இரண்டாம் வாரம் முருங்கையில் பூ வந்து, தேன்சிட்டு இரண்டு தலைகீழாகத் தொங்கின. மூன்றாம் வாரம் வேம்பில் செம்பு நிறத்தில் கொழுந்து. பிச்சியில் காம்பு சிவந்த மொட்டு. அறுபத்து ஒரு வயதில் இதையெல்லாம் புதுசாகப் பார்க்கிறவன் எத்தனை வருஷத்தை எங்கே விட்டேன் என்று கேட்காதீர்கள். பந்தோபஸ்தில் விட்டேன்.

மாசி நாலாம் வாரம் மாமரம் பூத்தது.

ஒரு கிளை, இரண்டு கிளை இல்லை. நுனி நுனியாக எங்கு பார்த்தாலும் பூங்கொத்து. இலை தெரியவில்லை. தெருமுனை வரை வாசனை அடித்தது. ரெங்கம்மாள் முதலில் பார்த்துவிட்டு உள்ளே போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, மறுபடி பார்த்தாள். அப்புறம் என் தோளைத் தொட்டாள். கல்யாணமான புதிதில் தொட்ட மாதிரி இருந்தது. கூச்சமாகப் போயிற்று.

சென்னையில் இருக்கும் மகள் மஞ்சுவுக்கு உடனே வீடியோ கால் போட்டாள். “உங்கப்பா ஒரு அதட்டு போட்டாக மஞ்சு. அம்புட்டுதான். பாரு, மரம் கிடந்து பூத்திருக்கு.” தெருவில் யார் போனாலும் நிறுத்திச் சொன்னாள். “அவுக ஒரு அதட்டு போட்டாக.” இரண்டு தெரு தள்ளியிருக்கும் ரூபி டீச்சர் ஒருநாள் வந்து, “அண்ணாச்சி, எங்க வீட்டுக் கொய்யாவையும் ஒரு சத்தம் போட்டுட்டு வாங்களேன்” என்று கூப்பிட்டார். போனேன். அரிவாள் கொண்டுபோகவில்லை, வாயால் மட்டும் அதட்டினேன். டீச்சர் கேக் கொடுத்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. வெட்டியது சரிதான் என்று தோன்றியது. கோணியைக்கூட மறந்துவிட்டேன். ஒரு விஷயம்தான் இடையிடையே குறுக்கே வந்தது. நான் ஏட்டாக இருந்த காலத்தில் பெலிக்ஸ் என்று ஒரு கொத்தனாரைச் சைக்கிள் திருட்டு என்று பிடித்து வந்தோம். மூன்று மணி நேரம் ‘நான் எடுக்கல சார்’ என்றவன் நாலாவது மணி நேரத்தில் ஒத்துக்கொண்டான். கேட்காத சைக்கிளுக்கும் சேர்த்து ஒத்துக்கொண்டான். அடுத்த வாரம் சைக்கிள்காரரே வந்து, மச்சான் எடுத்துப் போயிருக்கிறான் சார், கிடைத்துவிட்டது என்றார். அளவுக்கு மீறிப் பூத்த மரத்தைப் பார்த்தபோது ஏன் அவன் ஞாபகம் வந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

பங்குனி பிறந்ததும் ஒலி முகம்மது பூப் பார்க்க வந்தார். ரெங்கம்மாள் டீ போட உள்ளே போனாள். அவர் பூவைப் பார்க்கவில்லை, இலையைப் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளி மடக்கினார். பிறகு குனிந்து கோணிக்குள் இரண்டு விரலை விட்டார். விரலில் பிசின் ஒட்டிக்கொண்டு வந்தது.

“அண்ணாச்சி, இது என்ன?”

“கரையானுக்கு...”

“கரையான் அரிவாளா வச்சிருக்கு?”

அவர் கயிற்றைத் தளர்த்தி உள்ளே பார்த்தார். முகம் சுருங்கியது. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“இலை செய்யுத சாப்பாடு பட்டை வழியாத்தான் வேருக்கு இறங்கும். பட்டைய வெட்டிட்டா மேலயே நின்னுரும். கையில இருக்கிறத எல்லாம் பூவா இறைச்சிருக்கு. வேரு பட்டினி கிடக்கு அண்ணாச்சி. இது சாவுறதுக்கு முன்ன பூக்குத பூ.”

“ஒண்ணும் செய்ய முடியாதா பாய்?”

“சுவத்துப் பக்கம் ஒரு சாண் பட்டை இருக்கு. அதுலதான் உசுரு நிக்கி. பூ, பிஞ்சு ஒண்ணு விடாம எடுத்துரணும். காய்க்க விட்டா மரம் தாங்காது. இந்தக் கோணியக் கழட்டிக் காத்தாட விடணும். அப்புறம் அல்லா விட்ட வழி.” அவர் விரலைத் துடைத்துக்கொண்டார். “மதினிட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?”

“நான் சொல்லுதேன்.”

“சீக்கிரம் சொல்லுங்க” என்றார். ரெங்கம்மாள் டீயும் முறுக்கும் கொண்டுவந்தாள். “எப்படி இருக்கு பாய் எங்க மரம்?” என்றாள். அவர் டீயைப் பார்த்துக்கொண்டு, “நெறய பூத்திருக்கு மதினி” என்றார்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் என்றேன், செவ்வாய்க்கிழமை வேண்டாம் என்றேன், அமாவாசை கழியட்டும் என்றேன். அடுத்தவனை வாக்குமூலம் கொடுக்க வைப்பதில் பேர் வாங்கியவன், சொந்த வாயைத் திறக்கத் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தினமும் காலையில் நாற்காலியைப் போட்டேன். பூ உதிர்ந்து தரையில் மஞ்சளாகக் கிடந்தது. அடுத்த வாரம் மிளகளவு பிஞ்சு. அதற்கடுத்த வாரம் சுண்டைக்காய் அளவு. வேம்பு பூத்தது, எலுமிச்சை பூத்தது, குயில் விடிவதற்கு முன்பே தொண்டையைச் சரிபண்ண ஆரம்பித்தது. எல்லாம் வரவரப் பச்சையாக, மாமரத்து இலை மட்டும் வீட்டுப்பக்கக் கிளைகளில் பளபளப்பு போய்ச் சாயம் போன சட்டையாக வெளுத்துக்கொண்டே வந்தது. எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. ரெங்கம்மாள் காயைப் பார்த்தாள். நான் இலையைப் பார்த்தேன்.

அவள் தாழ்ந்த கிளையில் ஒரு பிஞ்சைத் தேர்ந்தெடுத்து, அடையாளத்துக்குப் பச்சை நூல் கட்டிவிட்டாள். முதலில் பழுப்பது அதுதான் என்று அவள் கணக்கு. “இத நான் ஒருத்தியாத் தின்பேன். யாருக்கும் கிடையாது. ருசி தெரிஞ்சப்புறம்தான் உங்களுக்கு” என்று என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

பங்குனி இருபது, சாயங்காலம் ஐந்து மணி. அந்தப் பச்சை நூல் கட்டிய கிளையின் நுனி தொங்கியிருந்தது. ரெங்கம்மாள் தண்ணீர் போதவில்லை போல என்று ஹோஸைக் கொண்டுவந்து அடிமரத்தில் வைத்தாள். வேர் பட்டினி என்று தெரியாமல் தாகம் என்று நினைத்து நின்றாள். அதைப் பார்க்க முடியவில்லை.

“ரெங்கம்மா, அது தண்ணிக்கு இல்ல. நான் அதை வெட்டிட்டேன்” என்றேன்.

“எத?”

“மரத்த. சுத்தி வெட்டிட்டேன். கோணிக்குள்ள கரையான் மருந்து ஒண்ணும் இல்ல.”

அவள் ஹோஸைக் கீழே போடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “என்னைக்கு?” என்றாள்.

“அன்னைக்கேதான். நீ உள்ள போனப்புறம்.”

ஒலி முகம்மது சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். ஏன் பூத்தது, ஏன் இலை வெளுக்கிறது, காயை ஏன் எடுக்க வேண்டும். பதினெட்டு நாள் தெரிந்தே மறைத்ததையும் சொன்னேன். முடித்தபிறகு என்னைப் பார்த்தாள்.

“வெட்டாதீங்கன்னு சொல்லத்தான நான் அங்கன நின்னேன்?”

“ஆமா.”

“நான் சொன்னேன்லா?”

“சொன்ன.”

“சொன்னா நிப்பாட்டணும்.”

அவள் குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். நனைந்த கோணியை உரித்து எறிந்தாள். செம்மண் உதிர்ந்து வெட்டு தெரிந்தது. ஓரங்கள் கறுத்து, பிசின் கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தது. அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்து, மெதுவாகச் சுற்றி வந்தாள். சுவர்ப்பக்கம் கையை நுழைத்து அந்த ஒரு சாணைத் தேடித் தொட்டாள். அங்கே கொஞ்ச நேரம் கை நின்றது. பிறகு போய் இரும்பு ஏணியைத் தூக்கிவந்தாள். நான் வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. சாத்தி, ஏறினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு அவள் ஒன்றும் சொல்லாததே பெரிது.

ஐம்பத்தேழு வயதுப் பெண். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொத்துக் கொத்தாகப் பிஞ்சைப் பறித்துப் போட்டாள். முசுறு கடித்தது, கையை உதறிக்கொண்டு மறுபடி பறித்தாள். பிஞ்சு என் தலையில் விழுந்தது, தோளில் விழுந்தது, பக்கத்தில் வைத்த வாளியில் கொஞ்சம் விழுந்தது. எட்டாத கிளைகளைத் துரட்டியால் அசைத்து உதிர்த்தாள். ஏணியை மூன்று இடத்துக்கு மாற்றினோம். இருட்டும் நேரத்தில் தாழ்ந்த கிளைக்கு வந்தாள். பச்சை நூல் கட்டிய பிஞ்சு ஒன்றுதான் மிச்சம்.

“அது ஒண்ணு இருக்கட்டுமே. ஒண்ணுல என்ன ஆகப்போவுது” என்றேன்.

அவள் நூலை அவிழ்க்கவில்லை. நூலோடு பறித்தாள். சேலையில் துடைத்துக் கடித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வெறும் துவர்ப்புதான் இருந்திருக்கும். அந்த வயதில் எல்லா மாங்காயும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அவள் துப்பிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் தோட்டத்திலேயே நின்றேன். எனக்கு அழுகை வந்தது. அப்பா செத்ததற்கு அப்புறம் அன்றுதான்.

பிறகு வீட்டில் பேச்சு நின்றது. நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, காப்பி வந்தது, முழங்காலுக்குத் தைலம் மேஜைமேல் இருந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை. சித்திரை ஒன்றாம் தேதி வேப்பம்பூவை எங்கள் மரத்திலிருந்து எடுத்தாள். பச்சடிக்கு மாங்காய் கடையில் வாங்கியிருந்தாள். இலையில் பச்சடி வைக்கும்போது என் பக்கம் பார்க்கவில்லை. காயெல்லாம் எங்கே என்று தெருவில் கேட்டார்கள். ரூபி டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டது என் காதில் விழுந்தது. “காத்துல எல்லாம் உதிர்ந்துட்டு டீச்சர். இந்த வருஷம் காத்து அப்படி” என்றாள் ரெங்கம்மாள்.

அந்தப் பங்குனியில் இலை அசையும் காற்றுகூட இல்லை. என்னோடு பேசாதவள் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இது தாங்கவில்லை. என் மரியாதையைக் காப்பாற்றுகிறாளா, இப்படி ஒருத்தனுக்கு வாழ்க்கைப்பட்ட வெட்கத்தை மறைக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் மரம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வீட்டுப்பக்கக் கிளைகளில் இலை காய்ந்து, உதிரக்கூட மனமில்லாமல் தொங்கியது. சுவர்ப்பக்கம் இரண்டு கிளையில் மட்டும் கருஞ்சிவப்பாகத் தளிர் விட்டிருந்தது. ஒலி முகம்மது வந்து பார்த்து, “அந்த ஒரு சாண்தான் இழுத்துட்டு வந்திருக்கு” என்றார். பாதி மரம் பிழைக்கும், பாதி போய்விட்டது என்றார்.

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மஞ்சு வீடியோ காலில் வந்தாள். ரெங்கம்மாள் தோட்டத்துக் குழாயடியில் உட்கார்ந்து கறிவேப்பிலை உருவிக்கொண்டே பேசினாள். நான் என் நாற்காலியில் இருந்தேன்.

“என்னம்மா மரம் மொட்டையா நிக்கி? காய் எங்க?”

“காத்துல உதிர்ந்துட்டும்மா.”

“அம்புட்டுமா?”

“அம்புட்டும்.”

நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன். ரெங்கம்மாள் போனைக் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல். நான் மரத்தருகே போய்க் குனிந்து, காமிராவை அடிமரத்துக்குக் காட்டினேன். முழங்கால் வலித்தது.

“மஞ்சு, இதப் பாரு. காத்து இல்ல. இது நான் வெட்டுனது.”

“எதுக்குப்பா?”

“மிரட்டுனா போதும்னு அம்மா சொன்னா. வெட்டாதீங்கன்னு கையையும் பிடிச்சா. அவ உள்ள போனதும் நான் வெட்டினேன். வெட்டிட்டுக் கோணியச் சுத்தி மறைச்சேன். அவகிட்ட ரெண்டு மாசம் பொய் சொன்னேன். காயெல்லாம் அவதான் ஏணியில ஏறிப் பறிச்சா, மரம் சாவக்கூடாதுன்னு. இதத் தெருவுலயும் சொல்லப்போறேன். ரூபி டீச்சர்ட்ட இன்னைக்குச் சொல்லிருவேன்.”

“அம்மாட்ட மன்னிப்புக் கேட்டீங்களாப்பா?” என்றாள் மஞ்சு.

நடந்ததை எல்லாம் சொல்லியிருந்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. முப்பத்து ரெண்டு வருஷத்தில் எதற்கும் கேட்டதில்லை. வாக்குமூலத்தோடு வேலை முடிந்தது என்று இருக்கிறவன் நான். போனைக் கையில் பிடித்தபடியே திரும்பினேன்.

“தப்பு பண்ணிட்டேன் ரெங்கம்மா. என்னைய மன்னிச்சிரு.”

அவள் கறிவேப்பிலைக் காம்புகளைக் குப்பையில் போட்டாள். இலையை முறத்தில் சேர்த்தாள்.

“காய்ஞ்ச கொப்ப அறுக்கணும்” என்றாள் ரெங்கம்மாள். பதினாறு நாளைக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. “ஒலி பாய வரச்சொல்லுங்க. அவரு அறுக்கட்டும். நீங்க மரத்துல கை வைக்கக் கூடாது.”

“சரி.”

“எப்பவும்.”

“சரி.”

“தண்ணி மட்டும் ஊத்துங்க.”

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் குழாயில் வாளியைப் பிடித்தேன். அவள் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தைச் சுற்றிப் பாத்தியில் முதல் வாளியை ஊற்றினேன், பிறகு இரண்டாவது. மண் உறிஞ்சிக்கொண்டது. மூன்றாவது வாளியைச் சாய்த்தேன்.

“போதும்” என்றாள்.

வாளியில் பாதித் தண்ணீர் மீதி இருந்தது. நிறுத்திவிட்டேன்.